கழுத்தெலும்பு, வரைபடப் புத்தகம், அந்துப்பூச்சி: எல்லாமே ஒரே அட்லஸ்தானா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. மகள் பிசியோதெரபி முதலாண்டு படிக்கிறாள், கழுத்தின் முதல் எலும்புக்கு அட்லஸ் என்று பெயர் என்று உருப்போட்டுக்கொண்டிருக்கிறாள், அதே மேசையில் தம்பி பள்ளிக்கூட அட்லஸை விரித்து வைத்திருக்கிறான், ரெண்டுக்கும் ஏன் ஒரே பெயர் என்று அவள் கேட்க, நீங்கள் தேடிப் பார்த்து "உலகத்தை முதுகில் சுமந்த கிரேக்க வீரன்" என்ற பதிலோடு நின்றுவிட்டீர்கள். அது எலும்புக்குப் பொருந்துகிற மாதிரி இருக்கிறது, புத்தகத்துக்கு எப்படி என்று புரியவில்லை, போதாததற்கு ஒரு அந்துப்பூச்சிக்கும் அதே பெயர் என்று கண்ணில் பட்டிருக்கிறது. அதாவது, சொல்லின் பொருளைவிட, இவையெல்லாம் ஒரே சொல் கிளை விட்டதா, இல்லை எண்ணான ஆறும் நதியான ஆறும் மாதிரி ஒலியில் மட்டும் ஒன்றாக நிற்பவையா என்பதுதான் உங்கள் சந்தேகம்.

நான் இருபத்து நாலு வருடம் உடற்கூறியல் நடத்தியவன். எங்கள் துறையில் இந்தக் குழப்பம் தினசரி வேடிக்கை. படங்களாலான உடற்கூறு நூலையும் நாங்கள் அட்லஸ் என்றுதான் சொல்வோம், முதல் கழுத்தெலும்பும் அட்லஸ். "அந்த அட்லஸை எடுத்துட்டு வாப்பா" என்று அனுப்பினால் ஒரு பையன் எலும்போடு வருவான், இன்னொருவன் மூன்று கிலோ புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவான். அந்த வேடிக்கையில்தான் எனக்கு இந்தச் சொல்லின் மேல் ஆர்வம் வந்தது. எலும்பு பற்றி நான் சொல்வது தொழிலில் இருந்து வருவது. கிரேக்கக் கதை மொழிபெயர்ப்பில் படித்தது, அவ்வளவுதான் என் தகுதி.

முதலில் அந்த வீரனைச் சரிசெய்துவிடுவோம். அட்லஸ் உலகத்தைச் சுமக்கவில்லை. அவன் சுமந்தது வானத்தை. கிரேக்கக் கவி ஹீசியடின் பழைய பாடலில் அவன் டைட்டன் என்ற மூத்த தெய்வக் குலத்தவன், இயாபெட்டஸின் மகன், மனிதருக்கு நெருப்பைக் கொடுத்த புரொமீதியஸின் உடன்பிறந்தவன். பூமியின் மேற்கு விளிம்பில் நின்று அகன்ற வானத்தைத் தலையாலும் சோராத கைகளாலும் தாங்குகிறான், அது தேவர்களின் அரசன் சீயஸ் அவனுக்கு விதித்த பங்கு. தலையாலும் கைகளாலும் என்பதைக் கவனியுங்கள், முதுகு என்ற பேச்சே அங்கே இல்லை. ஹோமரின் ஒடிசியில் படம் கொஞ்சம் மாறுகிறது: அங்கே அட்லஸ் கடல்களின் ஆழமெல்லாம் அறிந்தவன், வானத்தையும் பூமியையும் பிரித்து நிறுத்தும் நெடிய தூண்கள் அவன் பொறுப்பில் இருக்கின்றன. யோசித்துப் பார்த்தால் பூமியைச் சுமப்பது நடக்கவே முடியாத காரியம், அவன் நிற்பதே பூமியின் மேல்தானே.

அப்புறம் எங்கிருந்து வந்தது இந்த உலக உருண்டை? சிலைகளில் இருந்து வந்திருக்கும் என்பது என் ஊகம். நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் ஃபர்னேசே அட்லஸ் என்று ஒரு ரோமானியப் பளிங்குச் சிலை இருக்கிறது, கிபி 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒரு முழங்கால் மடங்கி, தோளில் பெரிய உருண்டையோடு தவிக்கிற உருவம். தூரத்தில் இருந்து பார்த்தால் பூகோளம் என்றுதான் தோன்றும். கிட்டே போய்ப் பார்த்தால் அதில் கண்டங்கள் இல்லை, மேஷம், ரிஷபம் என்று விண்மீன் கூட்டங்களின் உருவங்கள் செதுக்கியிருக்கின்றன. வானத்தை வெளியில் இருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அந்த உருண்டை. நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் சென்டர் முன்னால் 1937இல் வைத்த வெண்கல அட்லஸும் தூக்கி நிற்பது வளையங்களாலான விண்கோளத்தைத்தான். ஆனால் உருண்டை என்றாலே பூமி என்று பழகிப்போன கண்ணுக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது.

பெயரின் வேர் பற்றி இரண்டு வார்த்தை. கிரேக்கத்தில் தாங்குதல், பொறுத்தல் என்ற பொருளில் ஒரு வினைவேர் உண்டு, அட்லஸ் அதிலிருந்து வந்தது, 'தாங்குபவன்' என்று பொருள் என்பது நெடுநாளைய விளக்கம். அதே வேரின் உறவுதான் சமஸ்கிருதத்தின் துலா, அதாவது நம் துலாக்கோலும் துலாபாரமும். கேட்க அழகாக இருக்கிறது. வேருக்கும் துலாவுக்கும் உள்ள உறவு மொழியியலார் பொதுவாக ஏற்பது. அட்லஸ் என்ற பெயர் அந்த வேரில் இருந்து வந்ததா என்பதுதான் தகராறு. கிரேக்கர் வருவதற்கு முன்னால் அங்கே இருந்தவர்களின் பெயராக இருக்கலாம், கிரேக்கர் தங்களுக்குத் தெரிந்த வினையோடு அதைச் சேர்த்துப் புரிந்துகொண்டிருக்கலாம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் இதில் பக்கம் எடுக்கப் போவதில்லை. ஆனால் கிரேக்கர் காதில் அந்தப் பெயர் 'தாங்குபவன்' என்றுதான் ஒலித்தது, பின்னால் நடந்ததற்கு அதுவே போதும்.

சரி, எலும்புக்கு வருவோம், உங்கள் மகளுக்கு வேண்டியது அதுதான். கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள். மேலே இருந்து முதலாவது, சி 1, அட்லஸ். முள்ளெலும்பு என்றால் முன்னால் கனமான உடல்பகுதி ஒன்றும் பின்னால் முள் மாதிரி ஒரு நீட்சியும் இருக்க வேண்டும், அட்லஸுக்கு இரண்டும் கிடையாது. அது வெறும் வளையம். இரண்டு பக்கத்திலும் தடித்த பகுதிகள், அவற்றின் மேல் சிறுநீரக வடிவில் இரண்டு குழிந்த பரப்புகள், அந்தக் குழிகளில் மண்டையோட்டின் அடியில் உள்ள இரண்டு முண்டுகள் வந்து உட்காரும். "ஆமாம்" என்று தலையை முன்னும் பின்னும் ஆட்டுவது பெரும்பாலும் இந்த மூட்டில். "இல்லை" என்று திருப்புவது அதற்குக் கீழே, அட்லஸும் இரண்டாம் எலும்பான ஆக்ஸிஸும் சேரும் இடத்தில். ஆக்ஸிஸில் இருந்து ஒரு முளை பல்லு மாதிரி மேலே நீட்டி, அட்லஸ் வளையத்தின் முன்பக்கத்துக்குள் நிற்கும். அந்த முளையைச் சுற்றி அட்லஸ் மண்டையோட்டையும் கூட்டிக்கொண்டு திரும்புகிறது. கழுத்தின் மொத்தத் திரும்பலில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு இடத்தில் நடக்கிறது. இதில் மாணவர்களுக்கு எப்போதும் பிடித்த செய்தி ஒன்று உண்டு: கருவில் அந்த முளை அட்லஸுக்குச் சேர வேண்டிய உடல்பகுதியில் இருந்துதான் பெரும்பாலும் உருவாகிறது, அப்புறம் ஆக்ஸிஸோடு ஒட்டிக்கொள்கிறது. தன் உடம்பைக் கீழ்வீட்டுக்காரனிடம் பறிகொடுத்துவிட்டுத் தலையைத் தாங்குகிறது அட்லஸ், அவ்வளவுதான்.

இப்போது பெயர்ப் பொருத்தம். உருண்டையான மண்டையோட்டைத் தாங்குவதால் அட்லஸ் என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும், பொருள் அதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் சுமை என்று பார்த்தால் இது அவ்வளவு நியாயமான பெயர் இல்லை. தலை நாலரை, ஐந்து கிலோ இருக்கும். கீழே போகப் போக ஒவ்வொரு எலும்பின் மேலும் சுமை ஏறிக்கொண்டே போகும், இடுப்பின் ஐந்தாவது எலும்பு தாங்குவதோடு ஒப்பிட்டால் அட்லஸின் வேலை சொகுசு. பழைய கிரேக்கத்தில் இந்தப் பெயர் கழுத்தின் ஏழாவது எலும்புக்கு, அதாவது பிடரியில் குனிந்தால் துருத்திக்கொண்டு நிற்கிற எலும்புக்கு வழங்கியது, பின்னால்தான் முதல் எலும்புக்கு ஏறியது என்று மருத்துவச் சொல் வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். இதை நான் முழு உறுதியோடு சொல்ல மாட்டேன், ஆனால் நம்பும்படி இருக்கிறது. மூட்டை தூக்குகிற ஆள் குனிந்து மூட்டையை ஏற்றிக்கொள்ளும்போது அது வந்து அமர்வது அந்த ஏழாவது எலும்பின் மேல்தானே.

என்னைக் கேட்டால், முதல் எலும்பு அட்லஸே இல்லை, சும்மாடு. ஆம், தண்ணீர்க் குடத்துக்கும் விறகுக் கட்டுக்கும் தலையில் துணியைச் சுருட்டி வளையமாக வைப்போமே, அதேதான். வகுப்பில் எலும்பைக் கையில் கொடுத்து "சும்மாடு மாதிரி இருக்கா?" என்று கேட்டால் கிராமத்துப் பிள்ளைகள் முகத்தில் சட்டென்று வெளிச்சம் வரும். இதில் சுவாரசியம் என்னவென்றால் அட்லஸ் கதையிலேயே சும்மாடு இருக்கிறது. கிரேக்க வீரன் ஹெராக்ளீஸ் பொன் ஆப்பிள்களைத் தேடிப் போகிறான், அட்லஸ் "நான் பறித்து வருகிறேன், நீ கொஞ்ச நேரம் வானத்தைப் பிடி" என்று சொல்லிவிட்டுப் போகிறான். ஆப்பிளோடு திரும்பி வந்தவனுக்கு மறுபடி சுமக்க மனசில்லை, நானே கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருகிறேனே என்கிறான். ஹெராக்ளீஸ் சரி என்று தலையாட்டிவிட்டு, "தலையில் ஒரு சும்மாடு வைத்துக்கொள்கிறேன், அதுவரை கொஞ்சம் பிடித்துக்கொள்" என்று கேட்கிறான். அட்லஸ் ஆப்பிளைக் கீழே வைத்துவிட்டு வானத்தை வாங்கிக்கொள்ள, இவன் ஆப்பிளை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுகிறான். அப்பல்லோடோரஸ் பெயரில் உள்ள புராணத் தொகுப்பில் இது இருக்கிறது, தலைக்கு வைக்கும் சுருள் என்றே. ஒலிம்பியாவில் சீயஸ் கோயிலில் கிமு 460 வாக்கில் செதுக்கிய ஒரு பலகையில் ஹெராக்ளீஸ் மடித்த மெத்தை ஒன்றை முதுகில் வைத்துத்தான் வானத்தைத் தாங்குகிறான், பின்னால் அத்தீனா ஒரு கையால் சும்மா முட்டுக்கொடுக்கிறாள்.

அந்தச் சும்மாட்டின் மேல் அளவுக்கு மீறிய சுமை விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் மகள் படிப்பாள். ஆழமில்லாத கிணற்றில் தலைகுப்புறக் குதித்தால் உச்சந்தலையில் விழும் அடி நேரே கீழிறங்கி வளையத்தை முன்னும் பின்னும் உடைத்து வெளிப்பக்கமாகச் சிதறடிக்கும். 1920இல் இதை விவரித்த பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஜெஃப்ரி ஜெஃபர்சன் பெயரில் ஜெஃபர்சன் முறிவு என்பார்கள். துண்டுகள் வெளியே விலகுவதால் உள்ளே தண்டுவடத்துக்கு இடம் கிடைத்து, பலர் கைகால் செயலிழக்காமலே தப்பிவிடுவதுண்டு. அதற்காக லேசாக எடுத்துக்கொள்ள முடியாது, கழுத்தை அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டிய அடி அது.

வரைபடப் புத்தகத்துக்கு வந்தால் கதை வேறு பக்கம் திரும்புகிறது. பெயர் வைத்தவர் யார், எப்போது என்பது உறுதியாகத் தெரியும்: கெரார்டஸ் மெர்காட்டர், 1595. தட்டையான தாளில் உலகத்தை வரைய 1569இல் ஒரு முறை கொடுத்தாரே, அதே மெர்காட்டர். அவர் 1594 டிசம்பரில் இறந்துபோனார், மகன் ருமோல்ட் அடுத்த வருடம் நூலை வெளியிட்டார், அதன் லத்தீன் தலைப்பின் முதல் சொல் அட்லஸ். அதற்கு 25 வருடம் முன்பே, 1570இல், ஆபிரகாம் ஒர்ட்டேலியஸ் ஒரே அளவில் வரைந்த வரைபடங்களைப் புத்தகமாகக் கட்டி வெளியிட்டுவிட்டார், ஆனால் அவர் வைத்த பெயர் 'உலகின் அரங்கம்' என்ற பொருள்பட இருந்தது. அந்தப் பெயர் நிலைத்திருந்தால் உங்கள் மகன் இன்று பள்ளிக்கு ஒரு தியேட்டரைத் தூக்கிக்கொண்டு போயிருப்பான்.

மெர்காட்டர் மனதில் இருந்தது யார் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். தண்டனை பெற்ற டைட்டன் இல்லை. மௌரெட்டானியாவை, அதாவது இன்றைய மொராக்கோப் பக்கத்தை, ஆண்டதாகச் சொல்லப்படும் அட்லஸ் என்ற ராஜாவை அவர் முன்னுரையில் சொல்கிறார்: தத்துவமும் கணிதமும் வானியலும் கற்றவன், முதல் விண்கோளத்தைச் செய்தவன், அவன் வழியில் நானும் என்கிறார். இது மெர்காட்டர் கட்டியது இல்லை. கிமு முதல் நூற்றாண்டிலேயே டியோடோரஸ் என்ற வரலாற்றாசிரியர், அட்லஸ் வானியல் வல்லுநன், கோளத்தைப் பற்றிய அறிவை உலகுக்குச் சொன்னவன், அதனால்தான் வானத்தையே சுமப்பவன் என்ற கதை எழுந்தது என்று விளக்கம் சொல்லியிருக்கிறார். அப்படி ஒரு ராஜா நிஜமாக இருந்தானா என்றால், கதைக்குக் கால் முளைத்த கேஸ் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் புத்தகத்தின் பெயர் அவனிடமிருந்து வந்தது. 1595 நூலின் முகப்புப் படத்திலும் அட்லஸ் உட்கார்ந்திருக்கிறான், கோளம் கையில் இருக்கிறது, முதுகில் ஒன்றும் இல்லை. ஆகவே உங்கள் வீட்டு மேசையில் இருந்த இரண்டு அட்லஸும் ஒரே பெயர், ஆனால் எலும்பு சுமந்தவனிடமிருந்தும் புத்தகம் படித்தவனிடமிருந்தும் பெயர் வாங்கியவை. படங்களால் ஒரு துறையை விளக்கும் எந்தப் பெரிய நூலும் அட்லஸ் ஆனது இதற்கப்புறம், எங்கள் மூன்று கிலோ புத்தகம் உட்பட.

மலைக்கும் கடலுக்கும் பெயர் அவன் நின்ற இடத்தால் வந்தது. மேற்கு விளிம்பு என்று கிரேக்கர் நினைத்தது வட ஆப்பிரிக்காவின் கோடி. அங்கே மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா வழியாக ஓடும் மலைத்தொடர் அட்லஸ், அதன் உச்சி துப்கல் 4,167 மீட்டர். அங்குள்ளவர்கள் அந்த மலையை வானத்தின் தூண் என்கிறார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். மெடூசாவின் தலையைக் காட்டி பெர்சியஸ் அட்லஸைக் கல்லாக்கினான், அந்தக் கல்தான் மலை என்று ரோமானியக் கவி ஓவிட் பாடியது பிற்பாடு. பெர்பர் மொழியில் மலைக்கு அத்ரார் என்று சொல், மலைப்பெயரே அதிலிருந்து வந்திருக்கலாம் என்ற கருத்தும் உண்டு, தீர்ப்பு ஆகவில்லை. அந்த மலைக்கு அப்பால் உள்ள கடல் 'அட்லஸின் கடல்', அதுவே அட்லாண்டிக். இடையில் 'ண்ட்' எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள், அல்லது கேளுங்கள்: கிரேக்கத்தில் வேற்றுமை உருபு ஏறும்போது மரம் மரத்தை ஆகிற மாதிரி அட்லஸ் 'அட்லாண்ட்-' ஆகும். பிளேட்டோவின் அட்லாண்டிஸ் தீவும் அதே வடிவம்தான், ஆனால் அங்கே வருகிற அட்லஸ் கடல்தேவன் போசைடனின் மூத்த மகன், டைட்டன் இல்லை, மூன்றாவது ஆள்.

அந்துப்பூச்சிக்கு அட்டகஸ் அட்லஸ் என்று 1758இல் பெயர் வைத்தவர் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ். இறக்கை விரிந்தால் 24 சென்டிமீட்டர் வரை வரும். பிரம்மாண்டத்துக்காக வைத்தாரா, இறக்கையில் வரைபடம் மாதிரி கோடுகள் இருப்பதாலா என்று இரண்டு விளக்கமும் சுற்றுகின்றன. லின்னேயஸ் புராணப் பெயர்களை வாரி இறைத்தவர், கொம்பு வைத்த ஒரு பெரிய வண்டுக்கும் அட்லஸ் என்றே வைத்தார், வண்டின் மேல் வரைபடம் ஏதும் இல்லை, ஆகவே அளவுதான் காரணம் என்பது என் எண்ணம். ஒரு கூடுதல் தகவல்: தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் வகைக்கு அட்டகஸ் தப்ரொபானிஸ் என்று தனிப்பெயர், தப்ரொபனே என்பது இலங்கைக்குக் கிரேக்கர் வைத்திருந்த பெயர். வளர்ந்த பூச்சி சாப்பிடாது, உண்ண வாய் இல்லை, ஒன்றிரண்டு வாரம் வாழ்ந்து முட்டையிட்டுச் சாகும்.

வானத்தில் சனியின் வளையத்தை ஒட்டி அட்லஸ் என்று ஒரு குட்டி நிலா, 1980இல் வாயேஜர் விண்கலம் எடுத்த படங்களில் கண்டுபிடித்தது, 30 கிலோமீட்டர் அளவு, நடுவில் தடித்து ஓரம் மெலிந்து ஆப்பம் மாதிரி இருக்கும். முக்கிய வளையத்தின் வெளி ஓரத்தை இதுதான் தாங்கிப் பிடிக்கிறது என்று நினைத்து இந்தப் பெயர் வைத்தார்கள். அப்புறம் கணக்குப் போட்டதில் அந்த ஓரத்தைக் கட்டுவதில் முக்கிய பங்கு ஜேனஸ், எபிமீதியஸ் என்ற வேறு நிலாக்களுக்கு என்று தெரிந்தது. எபிமீதியஸ் புராணத்தில் அட்லஸின் தம்பி முறை, குடும்பத்துக்குள்ளேயே சுமை கைமாறிவிட்டது. நம் கார்த்திகைக் கூட்டத்திலும், அறுமீன் என்போமே, அட்லஸ் என்று ஒரு விண்மீன் உண்டு, கிரேக்கருக்கு அந்தக் கூட்டம் அட்லஸின் ஏழு பெண்கள். ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னில் 2012இல் ஹிக்ஸ் துகளை அறிவித்த இரண்டு கருவிகளில் ஒன்றும், 2025 ஜூலையில் சூரியக் குடும்பத்துக்கு வெளியில் இருந்து வந்த வால்மீனைக் கண்டுபிடித்த தொலைநோக்கித் திட்டமும் அட்லஸ்தான், ஆனால் அவை நீளமான ஆங்கிலப் பெயரை அட்லஸ் வரும்படி இழுத்துச் சுருக்கியவை, அங்கே புராணம் தேட வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் பயந்த மாதிரி ஒலியில் மட்டும் ஒன்றான அட்லஸும் ஒன்று நிஜமாகவே இருக்கிறது. ஜெர்மனிலும் இன்னும் சில மொழிகளிலும் சாட்டின் துணிக்கு அட்லஸ் என்று பெயர், உஸ்பெகிஸ்தானின் பளபளப்பான பட்டும் அட்லஸ். அது அரபிச் சொல், வழவழப்பான என்று பொருள், கிரேக்கனோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. எண்ணான ஆறு இதுதான்.

மகளுக்கு ஒன்று மட்டும். தேர்வில் பெயர்க்காரணம் கேட்டால் 'வானத்தைத் தாங்கியவன்' என்றே எழுதச் சொல்லுங்கள், மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். வாய்மொழித் தேர்வில் எலும்பைக் கையில் கொடுத்தால் முதலில் அந்த இரண்டு சிறுநீரக வடிவக் குழிகளைத் தேடி அவற்றை மேலே பார்க்கும்படி பிடிக்க வேண்டும், பாதிப் பேர் தலைகீழாகப் பிடித்துத்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.